கோட்டை விட்ட கதை

"இன்னாபா இது, பாட்டிலு?"

கேட்டவர் போலீஸ்காரர். இடம், மெட்ராஸ் கோட்டை வாசல். கேட்கப்பட்டவன் நான். பாட்டில், பிராந்தி பாட்டில். உள்ளே இருந்தது தேன்.

இதில் கடைசி விவரம் மட்டும் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் பயம் வந்தால் எனக்கு முதலில் மறந்துபோவது தெரிந்த விஷயங்கள்தான்.

"தண்ணி சார்" என்றேன்.

அவர் பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்துச் சாய்த்தார். உள்ளே இருந்தது கருஞ்சிவப்பாக, தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி மெல்ல ஒரு பக்கம் சரிந்தது. எந்த ஊர்த் தண்ணி இவ்வளவு சோம்பலாக நகரும்?

"எந்த ஊரு நீ?"

"கள்ளக்குறிச்சி சார்."

அதையாவது மறந்திருக்கலாம். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. சாலைக்குச் சாலை மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தென்னாற்காடு ஜில்லாவின் பெயரைக் கேட்டாலே மெட்ராஸ் போலீஸ் நிமிர்ந்து உட்காரும். அந்த வாரத்தில் போய், ஒரு கள்ளக்குறிச்சிக்காரன் கையில் பாட்டிலோடு அரசாங்கத்தின் தலைவாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

"இங்க இன்னாத்துக்கு வந்த?"

"பொண்ணு பாக்க சார்."

அவர் திரும்பிக் கோட்டையை ஒருமுறை பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த நிமிடமே விலங்கு மாட்டியிருப்பேன்.

போன வாரம் இந்தத் தொடரில் நான் பல் பிடுங்கிக்கொண்ட வீரத்தைப் படித்துவிட்டு, "உங்கள் வாழ்க்கையில் பயப்படாத நாளே கிடையாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்டு ஐயா. அந்த ஞாயிற்றுக்கிழமை, இந்தப் போலீஸ்காரரைச் சந்திக்கும் வரைக்கும் எனக்குப் பயமே இல்லை. தரையில் கால் பாவாமல் மெட்ராஸைச் சுற்றினேன். எதற்காக என்று சொல்ல வேண்டுமானால் முதலில் மலை ஏற வேண்டும்.

ஒரு மலைக்கே இந்தக் கதியா

அப்போது எனக்குக் கள்ளக்குறிச்சியில் கபூர் பாயின் மண்டியில் வேலை. கல்வராயன் மலைக்குப் போய்ப் புளி, கடுக்காய், சாமை எல்லாம் பார்த்து, விலை பேசி, கீழே இறக்க வேண்டும். என் பெயர் ஏழுமலை. பெயரைக் கேட்டுத்தான் பாய் மலை வேலைக்கு என்னைப் பிடித்தார் என்று நினைக்கிறேன். ஆள் எடுப்பதில் இதைவிடத் தப்பான முறை கிடையாது.

வெள்ளிமலை பேருந்து ஒரு வளைவில் இந்தப் பக்கம் திரும்பினால் என் வயிறு அந்தப் பக்கம் திரும்பும். ஒருநாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைக்கு எட்டிய கம்பியைக் கெட்டியாகப் பிடித்து, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அது என் கொடைங்க. வுடுங்க, ஒடஞ்சிடும்" என்றது கம்பி.

கண்ணைத் திறந்தேன். நான் பிடித்திருந்தது ஒரு குடையின் கழுத்து. குடையின் மறுமுனையில் ஒரு நர்ஸ்.

"பஸ்ஸு உருளுதுங்க சிஸ்டர்."

"பஸ்ஸு நல்லாத்தான் போய்க்கினு இருக்குது. நீங்கதான் உருள்றீங்க. பேரு இன்னா?"

"ஏழுமல."

"ஏழுமலையா? ஒரு மலைக்கே இந்தக் கதின்னா, மிச்சம் ஆறுக்கு இன்னா பண்ணுவீங்க?"

மொத்தப் பேருந்தும் சிரித்தது. ஓட்டுநர்கூட திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வளைவில் திரும்பிப் பார்க்கிற ஓட்டுநரைக் கண்டு எனக்கு மீதி உயிரும் போயிற்று. அவள் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி என் மூக்கருகே நீட்டினாள். இன்றைக்கும் எலுமிச்சை வாசனை வந்தால் எனக்கு ரசம் நினைவுக்கு வராது. அந்த வளைவுதான் நினைவுக்கு வரும்.

பெயர் அம்சா. வெள்ளிமலை சுகாதார நிலையத்தில் வேலை. ஊர், எலவனாசூர்கோட்டை. அப்பா துரைசாமி, கரும்பு விவசாயி. இதையெல்லாம் கண்டுபிடிக்க நான் அடுத்த சில மாதங்கள் மலைக்கு ஏறி ஏறி இறங்கினேன். வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான்.

"மலையில இந்த வருசம் புளியே கம்மி. நீ மட்டும் ஏன்டா ஜாஸ்தி ஏற்ற?" என்றார் பாய். அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவரே போய் அம்சாவின் அப்பாவிடம் பேசினார். எங்கள் வீட்டிலும் சரி என்றார்கள். அம்சாவைக் கேட்டதற்கு, "யாரு, அந்த எலுமிச்சம்பழமா?" என்று மட்டும் சொல்லிச் சிரித்தாளாம். துரைசாமி மட்டும் பிடி கொடுக்கவில்லை. "பையன நேர்ல பாக்காம ஒரு வார்த்த சொல்ல மாட்டன்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாய் புளி சாம்பிளோடு என்னை மெட்ராஸ் கொத்தவால்சாவடிச் சந்தைக்கு அனுப்பினார். நான் மெட்ராஸில் இறங்கிய மறுநாள் சாலைகள் அடைபட்டன.

கம்பியில் வந்த சேதி

திருவல்லிக்கேணியில் எங்கள் ஊர் முருகன் ஒரு மேன்ஷன் அறையில் இருந்தான். அங்கே படுக்கை. வெள்ளிமலைத் தேன் ஒரு பாட்டில் அவனுக்காகத்தான் கொண்டு போயிருந்தேன். மலைக்காரர்களுக்குத் தேன் ஊற்றித் தரக் கிடைப்பது காலி பிராந்தி பாட்டில்தான். முருகன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்கு? பொண்ணு வூட்டுக்குக் குடு, மதிப்பா இருக்கும்" என்று திருப்பித் தந்தான்.

சும்மா சொல்லக் கூடாது, சில நாளிலேயே நான் மெட்ராஸ்காரன் ஆகிவிட்டேன். டீக்கடையில் "ஒரு டீ போடு நைனா" என்றேன். கடைக்காரர் பாலக்காட்டுக்காரர். அவர் நைனா என்றால் என்ன என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கொத்தவால்சாவடி வியாபாரியின் கடையிலிருந்து பாய்க்கு டிரங்க் கால் போட்டேன். கம்பியில் காற்றும் மழையுமாக ஒரே இரைச்சல். நடுவில் பாயின் குரல்.

"ஏழுமலையா? டேய், அம்சா அப்பா வந்திருந்தாரு. நாளைக்குக் காலைல கோட்டைக்கு வந்துரு. கோயில்ட்ட நிப்பாங்க. நாளைக்கு வரலன்னா தியாகதுருகத்துப் பையனுக்குப் பேசி முடிச்சிடுவாரு. கேக்குதா?"

"கேக்குது பாய்! கோட்டைக்குத்தான? வந்துடறேன்!"

"எப்படிடா வருவ? பஸ்ஸு ஒண்ணும் ஓடல."

"பஸ் எதுக்கு பாய்? நடந்தே வந்துடறேன்!"

"நடந்தா?" என்றார் பாய். குரல் இறங்கிவிட்டது.

"ஆமா பாய். காத்தாட வந்துடறேன். இதெல்லாம் ஒரு தூரமா!"

"டேய் தம்பி..." என்று அவர் ஏதோ தழுதழுத்தார். லைன் போய்விட்டது. கோட்டைக்கு நடக்கிறேன் என்றதற்கு இந்த மனுஷர் ஏன் இப்படி உருகுகிறார் என்று யோசித்தேன். முதலாளி என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

துரைசாமி ஏன் மெட்ராஸ் கோட்டைக்கு வருகிறார்? அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. அன்றைய பேப்பரைத் திறந்தால் கோட்டை, கோட்டை, கோட்டைதான். எல்லா ஊரிலிருந்தும் கோட்டைக்கு மனு கொண்டு வருகிறார்கள். துரைசாமி ஊரில் நாலு பேருக்கு முன்னால் நிற்கிறவர். மனுவோடு மகளையும் அழைத்து வருகிறார். அடைபட்ட சாலையில் எப்படி வருவார், ஞாயிற்றுக்கிழமை யார் மனு வாங்குவார்கள் என்ற கேள்விகள் எனக்கு வரவில்லை. காதலிக்கிறவனுக்குக் கிழமை கிடையாது.

கடலை எந்தக் கையில் பிடிப்பது

விடிவதற்குள் கிளம்பிவிட்டேன். முருகனின் சட்டை, முருகனின் பேன்ட், முருகனின் ஷூ. ஷூ ஒரு அளவு சின்னது. பெண் பார்க்கப் போகிறவன் சுகத்தைப் பார்க்க முடியுமா?

திருவல்லிக்கேணித் தெருக்களில் தண்ணீர் லாரிக்காக பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் வாசல்களில் படுத்திருந்தார்கள். ஒரு மாடு அந்த வரிசையில் முறையாக நின்றது. இட்லி ஆவி ஒரு சந்திலிருந்து வந்தது, அடுத்த சந்திலிருந்து மல்லிகைப்பூ, அதற்கடுத்த சந்திலிருந்து சாக்கடை. மூன்றும் எனக்கு அன்று நல்ல வாசனையாகவே இருந்தன.

"கடலப் புடிச்சிக்கினே போ, கோட்ட வந்துரும்" என்று முருகன் வழி சொல்லியிருந்தான்.

தெரு முடிந்தது. சாலை முடிந்தது. மணல் வந்தது. அப்புறம், ஐயோ, கடல்!

எனக்கு அதுதான் முதல் கடல். எங்கள் பக்கத்தில் காற்று அடிக்கும்போது கரும்புக் கொல்லை ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்திருக்கும் பாருங்கள், அதை வானம் வரைக்கும் போட்டு வைத்த மாதிரி இருந்தது. சூரியன் அதற்குள்ளிருந்து நனைந்து வெளியே வந்தது. வாயைத் திறந்துகொண்டு நின்றேன். ஒரு அலை வந்து ஷூவோடு முழங்கால் வரை நனைத்தது. "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி ஒரு சுண்டல் வண்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். கடல் துரத்திக்கொண்டு வரவில்லை.

கடலைப் பிடித்துக்கொண்டு போ என்றானே தவிர, எந்தக் கையில் என்று முருகன் சொல்லவில்லை. நான் இடது கையில் பிடித்தேன். விறுவிறுவென்று நடந்தேன். தூரத்தில் உயரமாகச் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கோபுரம். கோட்டைக்குக் கோபுரம் இருக்கும்தானே? மனதுக்குள் அம்சாவிடம் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "சௌக்கியமா?" வேண்டாம், நர்ஸிடம் அதைக் கேட்கக் கூடாது. "கடல் பார்த்தீங்களா?" இது பரவாயில்லை.

கோபுரத்தடியில் ஒருவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதான் கோட்டையா?"

"இது லைட் அவுசு. கோட்ட அந்தாண்ட கீது. நீ எங்கேர்ந்து வர?"

"அந்தாண்டேர்ந்துதாங்க."

"அப்பால இன்னாத்துக்கு இந்தாண்ட வந்த?"

அதற்குப் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் இந்தத் தொடரையே எழுத வேண்டியிருக்காது. கடலை வலது கைக்கு மாற்றிக்கொண்டு திரும்பினேன்.

சிட்டி பஸ்கள் கல்லடிக்குப் பயந்து வெளியே வரவில்லை. அவ்வளவு பெரிய கடற்கரைச் சாலை மொத்தமும் எனக்கே. நடுச் சாலையில் நடந்தேன். ஒரு தலைநகரத்தின் நடுச் சாலையில், கையை வீசிக்கொண்டு! வரிசையாகச் சிலைகள். பாதிச் சிலைகள் கையை நீட்டிக்கொண்டிருந்தன. வழிதான் காட்டுகிறார்கள் என்று ஒருவர் விரலைப் பின்பற்றினேன், அது கடலுக்குள் போயிற்று. இன்னொருவர் விரலைப் பின்பற்றினேன், அது முதலாமவரிடமே கொண்டுவந்து விட்டது.

சிவப்புக் கட்டடங்கள், மணிக்கூண்டு, கல்தூண் வராந்தாக்கள். எல்லாவற்றையும் "அம்சாவுக்குக் காட்டணும்" என்று பட்டியல் போட்டுக்கொண்டேன். பிறகு கூவம் பாலம். வளைவு வளைவாக வெள்ளைப் பாலம், கீழே கறுப்புத் தண்ணீர். மூக்கைப் பிடித்துக்கொண்டு அழகை ரசித்தேன். இதையும் காட்ட வேண்டும், காற்று இல்லாத நாளாகப் பார்த்து.

பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம். அகழி தெரிந்தது, மதில் தெரிந்தது, வானத்தைக் குத்திக்கொண்டு கொடிமரம் தெரிந்தது. ஷூவுக்குள் கால் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் தவில் வாசித்தார்கள். வந்துவிட்டேன், அம்சா!

"இன்னாபா இது, பாட்டிலு?"

மாதா கோயிலும் மாமனாரும்

இப்போது போலீஸ்காரரிடம் திரும்புவோம். பாவம், வெகுநேரமாக நிற்கிறார்.

மூடியைத் திறந்து முகர்ந்தார். சந்தேகமாக ஒரு விரலை விட்டு நக்கினார். முகம் மாறியது. இன்னொரு விரல். முகம் இன்னும் மாறியது.

"தேனுபா இது!"

"அதான் சார் சொன்னேன்."

"நீ தண்ணின்ன."

"பயத்துல சார். கல்வராயன் மலைத் தேனு."

"அந்த மலையிலேர்ந்து சாராயம்தான் வரும்னு கேள்விப்பட்டுக்கிறேன்" என்று மூன்றாவது விரலையும் நக்கினார். "செரி. பொண்ணு எங்க?"

"கோயில்ட்ட நிக்கறேன்னாங்க சார். உள்ள கோயில் இருக்குதுங்களா?"

"கீது. மாதா கோயிலு."

மாதா கோயில் வாசலில் துரைசாமியை மனதுக்குள் நிறுத்திப் பார்த்தேன், பொருந்தவில்லை.

"நீ கிறிஸ்டினா?"

"இல்ல சார்."

"பொண்ணு வூட்ல?"

"நேத்து வரைக்கும் இல்ல சார்."

அவருக்குப் பொழுது போகவில்லை போலும். என்னை வாசல் நிழலில் நிறுத்திவைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு குடும்பமாக என்னைக் கடந்து போனது.

"இதுவா?"

"இல்ல சார்."

"அந்த மஞ்ச சேல?"

"சார், அந்தம்மாவுக்கு அறுவது வயசு."

"செரி, உன் மாமியாரோன்னு கேட்டேன்."

கூட்டம் தீர்ந்தது. வெயில் ஏறியது. அம்சா இல்லை. துரைசாமி இல்லை. தியாகதுருகத்துப் பையன் மட்டும் என் கண்ணுக்குள் வந்து மாலையோடு நின்றான். அவனை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் என்னைவிட அழகாக இருந்தான்.

"ஞாயித்துக்கெயமல எவன்யா மனு வாங்குவான்?" என்றார் போலீஸ்காரர் திடீரென்று. "பொண்ணுக்கு எந்த ஊரு?"

"எலவனாசூர்கோ..."

அதற்கு மேல் வாயிலிருந்து வரவில்லை.

கோ...

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் பிறந்த நாள் முதலாக என் காதில் விழுந்துகொண்டிருக்கும் கூவல் ஒன்று உண்டு. "துருகம், கோட்ட, பேட்டேய்!" தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டை. எங்களுக்குக் கோட்டை என்றால் அந்த ஒரே கோட்டைதான். வேறு கோட்டை உலகத்தில் கிடையாது. அங்கே சிவன் கோயிலும் இருக்கிறது. கோயில் வாசலில் இந்நேரம் துரைசாமி நின்றுகொண்டிருப்பார். சில நாள் மெட்ராஸ் டீ குடித்ததில் எனக்கு என் கோட்டை மறந்துபோய்விட்டது.

தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். திக்கித் திக்கிச் சொன்னேன். போலீஸ்காரர் முழுவதையும் கேட்டார். லத்தி கையிலிருந்து நழுவுகிற அளவுக்குச் சிரித்தார்.

"ஆளாளுக்கு இந்தக் கோட்டயப் புடிக்கணும்னு நாயா அலையறானுங்க. இது வாணாம்னு ஓடப்போற மொத ஆளு நீதான்யா!"

"சார், கோட்டை விட்டுட்டேனே சார்!"

"கோட்டைக்கு வந்து கோட்ட வுட்ட! எய்ந்திரு. ஓடு. ரயிலு ஏதோ ஒண்ணு ரெண்டு வுடறாங்களாம்." தேன் பாட்டிலை மூடி, துடைத்து, என் பையில் அவரே வைத்தார். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, தேனு சோக்கா கீதுன்னு."

ஓடினேன். ஷூ விடவில்லை, நொண்டினேன். காலையில் நான் பார்த்த மெட்ராஸ் இல்லை இது. கட்டடமெல்லாம் குறுக்கே நின்றது. பாரிமுனை தாண்டி, மூடிக் கிடந்த கடைகளையும் அழுகிய முட்டைக்கோஸ் மலைகளையும் தாண்டி, கொத்தவால்சாவடி வியாபாரியின் கதவைத் தட்டினேன். தூக்கக் கலக்கத்தில் டெலிபோனைக் காட்டிவிட்டு அவர் மறுபடி படுத்துக்கொண்டார். கால் கிடைப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

"பாய், நான் ஏழுமல..."

"டேய் தம்பி! எதுவரைக்கும்டா வந்த? திண்டிவனம் தாண்டிட்டியா?"

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"காலைல மொபெட்ட மரத்துக்கு மரம் தூக்கி வெச்சி கோட்டைக்குப் போனன்டா" என்றார் பாய். "கோயில்ட்ட எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பையன் பஸ்ஸு இல்லன்னதும் ஒரு நிமிசம் யோசிக்கல, மெட்ராஸ்லேர்ந்து நடந்தே வரேன்னுட்டான்னு. அம்சா அப்பாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. தியாகதுருகத்துப் பையன டீ குடுத்து அனுப்பிட்டாரு. எத்தினி நாள் ஆனாலும் ஆவட்டும், பையன் வர்ற வரைக்கும் காத்துக்கினு இருப்பேன்றாரு!"

"பாய், நான் மெட்ராஸ்லதான் இருக்கேன். நான் வேற கோட்டைக்கு..."

"கேக்கல தம்பி! நட! நட!"

லைன் போய்விட்டது.

நடந்து வந்த ஆள்

எழும்பூருக்கும் நடந்துதான் போனேன். சென்ட்ரலின் சிவப்புக் கோபுரம் சாயங்கால வெயிலில் பழுத்துத் தொங்கியது. அந்த நிலைமையிலும் நின்று பார்த்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ரயில் ஒன்று கிளம்பியது. நின்று நின்று, நினைத்தபோது ஊர்ந்து, மறுநாள் காலையில் உளுந்தூர்பேட்டையில் என்னை உதறிவிட்டது. அங்கிருந்து கோட்டைக்கு, எங்கள் கோட்டைக்கு, நடைதான்.

சாலையின் குறுக்கே புளியமரங்கள் வேரோடும் கிளையோடும் கிடந்தன. புளி வாங்கும் தொழில் எனக்கு. காயோடு கிடந்த மரத்தைத் தாண்டும்போது மனசு கேட்கவில்லை. மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களும் வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்த விவசாயிகள்தான். படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக உட்கார்ந்திருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஆள் போன சில ஊர்களில் அழுகுரலும் இருந்தது. அதைப் பற்றி விளையாட்டாக எழுதும் கை எனக்கு இல்லை.

முதல் மரத்தில் ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க போற?"

"கோட்டைக்குங்க. பொண்ணு பாக்க."

அவர் துள்ளி எழுந்தார். "டேய், மெட்ராஸ்லேர்ந்து நடந்து வர்ற மாப்ள வந்துட்டான்டா!"

பாய் கோட்டையில் சொன்ன சேதி எனக்கு முன்னால் பேட்டை வரைக்கும் ஓடியிருந்தது. மரத்தின் மேலிருந்தவர்கள் எல்லாரும் இறங்கி வந்து என் காலைப் பார்த்தார்கள்.

"இல்லிங்க, பேட்ட வரைக்கும் ரயில்ல வந்தேன்."

"ரயிலா? ரயிலு ஓடியே எத்தினி நாளாச்சி! நேத்தெல்லாம் நாங்கதான் தண்டவாளத்துல குந்திக்கினு இருந்தோம்."

"சத்தியமா ரயிலுங்க."

"பாருடா, பெருமை அடிச்சிக்காத புள்ள" என்றார் பெரியவர். "எங்களாலதான உனுக்கு இந்தக் கஷ்டம். ஒரு சொம்பு மோரு குடிச்சிட்டுப் போ."

இரண்டு பேர் கைகொடுத்து மரத்துக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். அடுத்த மரத்திலும் இதே கதை. ஒவ்வொரு மரத்திலும் நான் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு மரத்திலும் மோர் கொடுத்தார்கள். கோட்டைக்குள் நுழைந்தபோது என் வயிற்றில் மோரும் பின்னால் ஒரு ஊர்வலமும் இருந்தன.

துரைசாமி கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார். முன்தினம் காலையிலிருந்து அதே துண்டு, அதே இடம். எழுந்து வந்து என் இரண்டு தோளையும் பிடித்தார். ஆறடி உயரம். அவர் கண்ணைப் பார்த்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். பயத்தினால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"மாமா, நான் நடக்கலிங்க. ரயில்ல..."

"பேசாதீங்க. மூச்சு வாங்குது. வூட்டுக்கு வாங்க."

காலைப் பார்த்த பெண்

பெண் பார்க்கும் முறை உங்களுக்கே தெரியும். பெண் காபி கொண்டு வருவாள், குனிந்து நிற்பாள், பையன் ஓரக்கண்ணால் பார்ப்பான். எங்கள் விஷயத்தில் காபிக்கு முன்னால் வெந்நீர் வந்தது.

"அம்சா, மொதல்ல காலப் பாரும்மா" என்றார் துரைசாமி. நர்ஸ் பெண்ணுக்கு அப்பா அல்லவா. அவரும் மற்றவர்களும் கூடத்துக்குள் போய் நாள் பார்க்க உட்கார்ந்தார்கள்.

அம்சா பின்வாசல் படியில் என்னை உட்காரவைத்து முருகனின் ஷூவைக் கழற்றினாள். இரண்டு குதிகாலிலும் கொப்புளம், கொய்யாப்பழ அளவுக்கு. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேன்ட்டின் மடிப்பை இறக்கினாள். நனைந்து காய்ந்து கெட்டியான மணல் பொலபொலவென்று படியில் கொட்டியது. நடுவில் "டிங்" என்று ஒரு சின்னச் சத்தம்.

அவள் குனிந்து அதை எடுத்தாள். சுண்டுவிரல் நகத்தளவு ஒரு கிளிஞ்சல்.

கிளிஞ்சலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திண்டிவனத்தில் கடல் கிடையாது. விக்கிரவாண்டியில் கடல் கிடையாது. உளுந்தூர்பேட்டையில் கடல் வந்தால் எங்கள் ஊர் மூழ்கிவிடும்.

மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"எந்தக் கோட்டைக்குப் போனீங்க?"

வரும் வழியெல்லாம் ஒருவரும் நம்பாத உண்மையை அவளுக்குச் சொன்னேன். கடலைத் தப்பான கையில் பிடித்தது, சிலைகளின் விரல்கள், மாதா கோயில், மஞ்சள் சேலை அம்மாள், போலீஸ்காரரின் மூன்று விரல்கள். கூவம் வாசனையைக்கூட விடவில்லை. சொல்லச் சொல்ல அவள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு குலுங்கினாள். பாட்டிலைத் திறந்து தேனைத் தொட்டுக் கொப்புளத்தில் தடவினாள். சிரித்துக்கொண்டே தடவியதில் தேன் கணுக்கால் வரைக்கும் ஏறிவிட்டது.

"புண்ணுக்குத் தேன் நல்லதுங்களா?" என்றேன்.

"எல்லாத்துக்கும் நல்லது. புத்திக்கு மட்டும் ஆவாது."

உள்ளே இருந்து துரைசாமியின் குரல் வந்தது. "இன்னாம்மா அங்க சத்தம்? மாப்ள காலு எப்படி இருக்குது?"

அம்சா கிளிஞ்சலைத் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். கண்ணில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"காலு நல்லாத்தான் இருக்குதுப்பா. பாய்கிட்ட சரின்னு சொல்லிடுங்க. ஆனா இனிமே இவர எங்கயும் தனியா அனுப்பக் கூடாது."